அறுபத்துமூன்றாம் பட்டாளம்

எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு பட்டாளம் இருந்தது. பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. 1759-ல் உருவாகி, 1922-ல் கலைக்கப்பட்டது. நான் பாளையங்கோட்டையில் பிறந்து அங்கேயே படித்து வளர்ந்தவன். ஊரில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக் கேட்டதில்லை. ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பியதைச் சொல்வார்கள். கோட்டை வாசல் மேலே இருக்கும் மேடை போலீஸ் ஸ்டேஷனைக் காட்டி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பட்டாளம் மட்டும் எந்தப் பேச்சிலும் வராது.

பணி ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டோடு பெங்களூர் வைட்ஃபீல்டுக்கு வந்து சேர்ந்தேன். இங்கே எனக்கு வேலை என்று ஒன்றுமில்லை. காடுகோடியில் மெட்ரோ ஏறினால் நேராக எம்.ஜி. ரோட்டில் கொண்டுபோய் விடும். அங்கே தெருப் பெயர்களே ராணுவப் பெயர்கள். இன்ஃபன்ட்ரி ரோடு, ஆர்ட்டிலரி ரோடு, பிரிகேட் ரோடு. இப்போது காமராஜ் ரோடு என்கிறோமே, அது கேவல்ரி ரோடாக இருந்தது. 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த சென்னை ராணுவத்தை இங்கே மாற்றியபோது பிறந்த ஊர்தான் கன்டோன்மென்ட். சிப்பாயோடு அவன் குடும்பமும், அவனுக்கு அரிசி விற்கிறவரும், துணி வெளுக்கிறவரும், சாராயம் காய்ச்சுகிறவரும் வந்தார்கள். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் இன்றைக்கும் தமிழ் கேட்பதற்கு அதுதான் தொடக்கம். அந்தத் தெருப் பெயர்களின் பின்னால் போகப்போய் ‘பெங்களூர் பிரிகேட்’ என்ற ஒன்றில் வந்து நின்றேன். 1914-ல் அந்த பிரிகேடில் போன பட்டாளங்களின் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது.

முதலில் அதன் பிறப்பு. 1758 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்டார்கள். 1759 பிப்ரவரி வரை நீடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சிப்பாய்கள் அதற்கு முன்பே உண்டு. ஆனால் தனித்தனிக் கூட்டங்களாக, அவரவர் தலைவனுக்குக் கீழே இருந்தார்கள். நம் யூசுப் கான், மருதநாயகம், அப்படிப்பட்ட சிப்பாய்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தவர். அவர்களை எண்ணிட்ட பட்டாளங்களாகக் கட்ட வேண்டிய அவசியம் அந்த முற்றுகையை ஒட்டி வந்தது. அப்படிக் கட்டியதில் மூன்றாவது இது: கோஸ்ட் சிப்பாய்கள், 3-ம் பட்டாளம். பிறகு பத்து வருடத்துக்கு ஒரு தடவை யாராவது ஒரு தளபதி வந்து பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார். 1769-ல் கர்நாடிக் 4-ம் பட்டாளம், அடுத்த வருடமே 3-ம் பட்டாளம், 1784-ல் மெட்ராஸ் 3-ம் பட்டாளம், 1796-ல் 3-வது ரெஜிமென்ட்டின் முதல் பட்டாளம். பாளையங்கோட்டை என்ற பெயர் ஒட்டியது 1812-ல்.

அந்தப் பெயர் வருவதற்கு முந்தைய காலம்தான் நெல்லைக்காரனுக்குச் சங்கடமானது. பாளையங்கோட்டை கம்பெனியின் தென்கோடி ராணுவத் தளம். 1799-ல் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக்குப் படையோடு கிளம்பியதும், 1801-ல் மெக்காலேயும் அக்னியூவும் மறுபடி போனதும் இந்தத் தளத்தை நம்பித்தான். பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டைக்கு எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள் அல்ல, நம் சிப்பாய்கள்தான் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். சினிமாவில் அந்தச் சிப்பாய்க்கு வசனம் கிடையாது.

3-வது ரெஜிமென்ட்டில் இருந்த ஓர் அதிகாரி நமக்கு இன்னொரு விதத்தில் தெரிந்தவர். ஜேம்ஸ் வெல்ஷ். வளரி வீசுவதைச் சின்ன மருதுவிடமே கற்றுக்கொண்டதாகத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்த ஆள். ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவரை எதிர்த்தே 1801-ல் போருக்குப் போனார். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, 1802-ல் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டவர்களைக் கப்பலேற்றும் பொறுப்பும் அவருக்கு வந்தது. அந்தக் கூட்டத்தில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் உண்டு. 1818-ல் வெல்ஷ் பினாங்குக்குப் போனபோது, அடையாளம் தெரியாத அளவுக்கு மெலிந்துபோன ஒருவர் எதிரே வந்து நின்றார். துரைசாமிதான். இதையும் வெல்ஷே எழுதியிருக்கிறார். குற்ற உணர்வா, வெறும் விவரிப்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அந்த வெல்ஷ்தான் 1806-ல் பாளையங்கோட்டையின் பொறுப்பில் இருந்தார். அவ்வருடம் ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். புதிய தலைப்பாகை, நெற்றியில் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்ற உத்தரவு. அந்தத் தலைப்பாகையைக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் அட்ஜுடன்ட் ஜெனரல் அக்னியூ. பாஞ்சாலங்குறிச்சிக்கும் காளையார்கோயிலுக்கும் வந்த அதே அக்னியூ. நவம்பரில், பாளையங்கோட்டையிலும் சதி என்று ஒரு வதந்தி கிளம்ப, வெல்ஷ் முஸ்லிம் சிப்பாய்களைக் கோட்டையை விட்டே வெளியேற்றினார். சதிக்கு உருப்படியான சாட்சி எதுவும் கிடைக்கவில்லை. அவரைக் கோர்ட் மார்ஷலில் நிறுத்தி, கௌரவமாக விடுதலையும் செய்துவிட்டார்கள். வெளியே நின்ற சிப்பாய்களின் கௌரவத்தை விசாரிக்க யாரும் உட்காரவில்லை. 1809-ல் வேலுத்தம்பி தளவாயின் திருவிதாங்கூர்ப் படைக்கு எதிராக ஆரல்வாய்மொழி அரணில் ஏறிப் பிடித்ததும் இதே வெல்ஷின் தலைமையில்தான். பிப்ரவரி 10, இரவில், மலைப்பக்கமாகச் சுற்றிப் போய் ஏறினார்கள். இந்த ஆரல்வாய்மொழியை ஞாபகம் வையுங்கள், மறுபடி வரும்.

லைட் இன்ஃபன்ட்ரி என்றால் என்ன? வரிசை கட்டித் தோளோடு தோள் நின்று சுடுவது அந்தக் காலப் போர்முறை. அந்த வரிசைக்கு முன்னே, சுறுசுறுப்பான ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சிதறலாக ஓடவிடுவார்கள். மரத்துக்குப் பின்னே, வரப்புக்குக் கீழே பதுங்கி, குறிபார்த்துச் சுட்டு, எதிரியின் வரிசையைக் கலைத்துவிட்டுத் திரும்புவது அவர்கள் வேலை. முரசுக்குப் பதிலாக புகிள் ஊதி உத்தரவு கொடுப்பார்கள். அதனால் சின்னத்திலும் கொம்பு வந்தது. நடையும் வேகம். ஐரோப்பா முழுக்க அந்தக் காலத்தில் இந்த மோகம் பிடித்திருந்தது. இத்தாலியில் 1836-ல் பெர்சாலியேரி என்று ஒரு படை தொடங்கினார்கள். தொப்பியில் காட்டுச் சேவல் இறகு செருகிக்கொண்டு, அணிவகுப்பில்கூட நடக்காமல் ஓடுவார்கள். அவர்களுக்கு இருபது வருடத்துக்கும் மேல் முன்பே சென்னை ராணுவம் நான்கு பட்டாளங்களை இப்படி மாற்றியிருந்தது: பாளையங்கோட்டை, திருச்சிராப்பள்ளி, வாலாஜாபாத், சிக்ககோல் என்ற ஸ்ரீகாகுளம்.

இந்த லைட் பட்டாளங்களின் நல்ல நாள் 1817 டிசம்பர் 21. மாளவத்தில், மகித்பூரில், சிப்ரா ஆற்றின் அக்கரையில் மராத்திய அரசர் ஹோல்கரின் பீரங்கி வரிசை. இறங்கி ஏறக்கூடிய துறையோ ஒன்றுதான். மால்கம் தலைமையில் முதலில் ஆற்றைக் கடந்து, மறுகரைப் பள்ளங்களில் பதுங்கிப் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட்டது லைட் பிரிகேட். அதில் பாளையங்கோட்டையும் திருச்சிராப்பள்ளியும் இருந்தன. பிறகு நேராக பீரங்கி வாய்க்கே நடந்தார்கள். தாமிரபரணிக் கரையிலும் காவிரிக் கரையிலும் பிறந்தவன் சிப்ராவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று யாருடைய சண்டையைப் போட்டான் என்று கேட்டால் பதில் எளிதல்ல. மாதச் சம்பளம் தவறாமல் வந்தது, வயதானால் பென்ஷன் உண்டு. அன்றைய நாட்டில் வேறு எந்த எஜமானனும் அந்த இரண்டையும் தரவில்லை.

சென்னைச் சிப்பாயின் இன்னொரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பட்டாளம் எங்கே போனாலும் குடும்பமும் கூடப் போகும். மனைவி, தாய், பிள்ளை குட்டி எல்லோரும் லைனில் ஒன்றாக வாழ்வார்கள். கடல் கடப்பதிலும் அவனுக்குப் பெரிய தயக்கம் கிடையாது. வங்காள ராணுவத்தில் கடலைச் சொன்னாலே கலகம் வரும் காலத்தில் சென்னைப் பட்டாளங்கள் மணிலாவுக்கும் பர்மாவுக்கும் போய் வந்தன. 1857-லும் சென்னை ராணுவம் பெரும்பாலும் அசையவில்லை. அந்த விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசுதான் விந்தை.

தெற்கே சண்டையே இல்லாமல் போனது. சண்டை இல்லாத இடத்தில் ராணுவம் எதற்கு என்ற கேள்வி வந்தது. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரெடரிக் ராபர்ட்ஸ். ஆப்கன் போரில் பெயர் வாங்கியவர். நீண்ட அமைதி தென்னாட்டுச் சிப்பாயை மழுங்கடித்துவிட்டது, இனி வடக்கத்திப் போர்க்குலத்து ஆட்களைத்தான் எடுக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அடுத்து இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாகி 1893 வரை இருந்தார், ஆகவே அவர் கருத்தே கொள்கையானது. வைட்ஃபீல்டுக்காரர்களுக்கு 1882 முக்கியமான வருடம். மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் ஆங்கிலோ இந்தியர்கள் குடியேறுவதற்காக இந்த நிலத்தைக் கொடுத்தார், டி.எஸ். ஒயிட் பெயரில் ஊர் எழுந்தது. அதே 1882-ல்தான் சென்னை ராணுவத்தில் எட்டு ரெஜிமென்ட்டுகளை ஒரே மூச்சில் கலைத்தார்கள். சிக்ககோல் லைட் இன்ஃபன்ட்ரி அதில் போனது. திருச்சிராப்பள்ளியின் கதை இன்னும் வேடிக்கை: 1890-களின் தொடக்கத்தில் அதிலிருந்த தமிழர், தெலுங்கரையெல்லாம் எடுத்துவிட்டுப் பஞ்சாபிகளை நிரப்பி பர்மாவுக்கு அனுப்பினார்கள். பிறகு அது 91-வது பஞ்சாபிகள் ஆனது. 1947-ல் பாகிஸ்தானுக்குப் போனது. ஸ்ரீரங்கத்துக்கும் திருவானைக்காவலுக்கும் பக்கத்து ஊர்ப் பெயரில் இருந்த பட்டாளம் இன்றைக்கு பாகிஸ்தானின் பலூச் ரெஜிமென்ட்டில் கரைந்திருக்கிறது.

பாளையங்கோட்டை தப்பியது. 1903-ல் தலைமைத் தளபதி கிச்சனர் இந்திய ராணுவம் முழுக்க ஒரே வரிசை எண் கொடுத்தபோது சென்னைப் பட்டாளங்களின் பழைய எண்ணோடு 60-ஐக் கூட்டினார்கள். 3 என்பது 63 ஆனது. 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி.

இனி டாங்கா. இன்றைய தான்சானியாவின் வடகிழக்குத் துறைமுகம். 1914-ல் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. அதைப் பிடிக்க மேஜர் ஜெனரல் அய்ட்கன் தலைமையில் ஏறக்குறைய 8,000 பேரை அனுப்பினார்கள். பாதிப் படை 27-வது பெங்களூர் பிரிகேட்: லாயல் நார்த் லாங்கஷயர் வெள்ளைப் பட்டாளம், 63-வது பாளையங்கோட்டை, 98-வது இன்ஃபன்ட்ரி, 101-வது கிரனேடியர்ஸ். கூடவே 61-வது பயனியர்ஸ், அதுவும் தென்னாட்டு ஆட்கள். பிரிகேட் என்று பெயரே தவிர இந்தப் பட்டாளங்கள் ஒன்றாகப் பயிற்சி செய்தவை அல்ல. புது மாதிரி துப்பாக்கி சிலர் கைக்கு வந்ததே கப்பலேறும் சமயத்தில். அக்டோபர் 16-ல் பம்பாயிலிருந்து கிளம்பினார்கள். நெரிசல், கடல் நோய், சேராத சாப்பாடு. நவம்பர் 2-ல் டாங்காவுக்கு வந்தபோது ஆளுக்கு ஆள் துவண்டிருந்தார்கள்.

வந்ததும் கப்பற்படை செய்த காரியம் அபாரம். துறைமுகத்தைத் தாக்குவதில்லை என்று முன்பு ஓர் ஒப்பந்தம் இருந்ததாம். அது இனிச் செல்லாது என்று ஃபாக்ஸ் கப்பலின் கேப்டன் ஜெர்மானியர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். சண்டைக்கு வந்தவன் கதவைத் தட்டி, தயாராகிக்கொள்ளுங்கள் என்றான். ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் மோஷியிலிருந்து ரயிலில் தன் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தார். மொத்தம் ஆயிரம் பேர்தான், பெரும்பாலும் அஸ்காரிகள் என்ற ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். ஆனால் பயின்றவர்கள், இடம் தெரிந்தவர்கள்.

3-ம் தேதி காலை 13-வது ராஜபுத்திரர்களும் 61-வது பயனியர்ஸும் முன்னே போய் அடிபட்டுக் குலைந்து திரும்பினார்கள். 4-ம் தேதி நண்பகலில் முழுப் படையும் நகர்ந்தது. மலைப் பீரங்கிகளைக் கரையிலேயே இறக்கவில்லை. கப்பல் தளத்திலிருந்து, எங்கே விழுகிறதென்று தெரியாமல் சுட்டார்கள். உச்சி வெயில். ரப்பர் தோட்டம், ஆளுயரப் புதர், பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. வலப்பக்கம் காஷ்மீர் ரைஃபிள்ஸும் லாங்கஷயரும் போனார்கள், அவர்களுக்கு அடுத்து 63, இடக்கோடியில் 101. இயந்திரத் துப்பாக்கி வெடிக்கத் தொடங்கியதும் 63 கலைந்தது. அதிகாரிகள் கத்தினார்கள், நிறுத்த முடியவில்லை. புதருக்குள் ஓடி, கடற்கரைக்குத் திரும்பினார்கள். நடுவில் ஓட்டை விழுந்தது. வலப்பக்கத்தார் ஊருக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள், இடப்பக்கத்துக் கிரனேடியர்ஸ் தனியாக மாட்டிக்கொண்டு செத்தார்கள். இதை மூடி மறைத்து எழுத எனக்கு மனமில்லை. எங்கள் ஊர்ப் பட்டாளம் அன்றைக்கு ஓடியது. அதற்கு விலை கொடுத்தது பக்கத்தில் நின்ற வேறு ஊர்க்காரன்.

பிறகு தேனீ. அந்த ஊரார் மரங்களில் குடைந்த கட்டைகளைக் கட்டித் தேன் வளர்ப்பார்கள். குண்டுகள் பட்டு அவை கலைய, இரண்டு பக்கத்தையும் கொட்டித் தள்ளின. 98-வது இன்ஃபன்ட்ரி தேனீயால் சிதறியது. வெள்ளைச் சிப்பாய்களும் ஓடினார்கள். பிற்பாடு லண்டனில் இது ஜெர்மன் சூழ்ச்சி என்றுகூடக் கதை கட்டினார்கள். 5-ம் தேதி எல்லோரையும் கப்பலேற்றினார்கள். 360 பேர் மரணம், 487 பேருக்குக் காயம். ஜெர்மானியர் கையில் 16 இயந்திரத் துப்பாக்கிகள், 455 துப்பாக்கிகள், 6 லட்சம் தோட்டாக்கள் சிக்கின. செய்தியை மாதக்கணக்கில் வெளியே விடவில்லை. அய்ட்கனைப் பதவி இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தளபதி போனதோடு கணக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. முன்பே சொன்னோமே, மதராசி சண்டைக்கு ஆகமாட்டான் என்று. இதோ டாங்கா, என்றார்கள். முப்பது வருடமாக ஓரங்கட்டி வைத்தது, பழகாத துப்பாக்கியைக் கொடுத்தது, வேவு பார்க்காமல் புதருக்குள் தள்ளியது ஒன்றும் கணக்கில் வரவில்லை. முதல் நாள் குலைந்த 61-வது பயனியர்ஸ் அதே ஆப்பிரிக்காவில் தங்கி, சாலை போட்டு, பாலம் கட்டிப் பெயர் எடுத்தார்கள். அவர்களும் அதே மண்ணின் ஆட்கள். அது சாட்சியாக ஏற்கப்படவில்லை. தீர்ப்பு 1880-களிலேயே எழுதியாகிவிட்டது, டாங்கா அதில் ஒட்டிய ஸ்டாம்ப் என்பது என் எண்ணம்.

போர் முடிந்து செலவைக் குறைக்கும் காலம். 1922 சீரமைப்பில் 63-ஐக் கலைத்தார்கள். வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரியை 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்த்தார்கள். அந்த ரெஜிமென்ட்டையே 1928-க்குள் முழுக்கக் கலைத்தாயிற்று. மெட்ராஸ் பயனியர்ஸ் 1933 வரை தாக்குப்பிடித்தார்கள். அவர்களுக்கு பெங்களூர்தான் வீடு. பிரிகேட் ரோடும் ரெசிடென்சி ரோடும் சேரும் முனையில், ஆப்பரா ஹவுஸ் பக்கம் ஒரு கல்தூண் நிற்கிறதே, அது அந்தப் பயனியர்களின் முதல் உலகப் போர் நினைவுச்சின்னம். சிக்னலுக்கு நிற்கும் ஆட்டோக்காரர்களுக்கு அதை ஏறிட்டுப் பார்க்க நேரமில்லை. அதில் 61 உண்டு. எங்கள் 63-க்கு இந்த ஊரில் ஒரு கல்லும் என் கண்ணில் படவில்லை.

எங்கள் குடியிருப்பின் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலூர்ப் பக்கத்துக்காரர், மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றவர். அவரிடம் ஒரு நாள் கேட்டேன்.

“சுபேதார், 63-வது பாளையங்கோட்டைன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“அறுபத்துமூணா? நம்ம மெட்ராஸ்ல அப்படி பல்டன் இல்லையே சார். டெரிட்டோரியல் ஆர்மியா?”

கதையைச் சொன்னேன். டாங்காவுக்கு வந்ததும் முகம் சுளித்தார். “ஓடினது தப்புதான் சார். ஆனா பசியோட, புது ஆயுதத்தைக் கையில குடுத்து எறக்கிவிட்டவனை என்ன பண்ணாங்க?” வீட்டுக்கு அனுப்பினார்கள் என்றேன். “பென்ஷனோடயா?” என்றார். பாதிச் சம்பளத்தோடு என்றேன். “அப்ப சரி” என்று சொன்ன விதத்தில் அது சரியில்லை என்பது தெரிந்தது.

இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டதும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி எழுப்பினார்கள். போர்க்குலம், மற்ற குலம் என்ற பேச்செல்லாம் அப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை. இன்றைய ரெஜிமென்ட் தன் வயதை 1758-லிருந்து எண்ணுகிறது. பழைய பட்டாளங்களின் போர்க் கௌரவங்களையும் தனதாகச் சொல்கிறது. ஆனால் அதற்குள் இடைவிடாத வரலாறு என்று பெருமை பேசும் பட்டாளம் ஒன்பதாம் மெட்ராஸ். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? திருவிதாங்கூர் சமஸ்தானத்து நாயர் படையிலிருந்து. தங்கள் வேரை 1704-க்குக் கொண்டுபோகிறார்கள். ஆரல்வாய்மொழியில் வெல்ஷிடம் அரணை இழந்த ராஜ்ஜியத்தின் பட்டாளம் நிற்கிறது. ஏறிப் பிடித்தவன் ரெஜிமென்ட் கலைந்துபோயிற்று. இதைச் சொன்னபோது சுபேதார் வாய்விட்டுச் சிரித்தார். நைன் மெட்ராஸில் அவருக்கு நண்பர்கள் உண்டாம், உடனே போன் போட்டுச் சொல்லப் போவதாகச் சொன்னார்.

வெலிங்டனில் ரெஜிமென்ட் மியூசியம் இருக்கிறது. அடுத்த தடவை குன்னூர்ப் பக்கம் போனால் அங்கே எந்தப் பலகையிலாவது 63 என்று போட்டிருக்கிறதா பார்த்துவிட்டு வரச் சுபேதாரிடம் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் லீவு கேட்டிருக்கிறாராம். ராத்திரி ஷிப்ட்டுக்கு மாற்று ஆள் கிடைத்தால் போவார்.